ரோலர் பட்டறையில் பேசக் கற்றேன்

டிப்ளமா முடித்த கையோடு நெய்வேலியில் ஒரு தனியார் பட்டறையில் ஓராண்டு அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். சுரங்கத்தில் மண்ணைச் சுமந்துகொண்டு ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் வரிசையாக ரோலர்கள் உருளும். தேய்ந்துபோன ரோலர்களைக் கழற்றி, பேரிங் மாற்றி, மறுபடி ஓடவைத்துக் கொடுப்பது எங்கள் பட்டறையின் வேலை. முப்பது பேர் இருந்தார்கள். அப்ரண்டிஸ்களில் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி சுரங்க ஊழியர்களின் நகரியத்துக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். இன்னொருத்தி நான், கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். வீட்டில் அம்மா, அண்ணன், நான். அம்மா வயல் வேலைக்குப் போகிறவள். காலையில் அண்ணன் என்னைப் பைக்கில் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போவான்.

எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். எழுந்து நின்று சொல்லத்தான் வராது. பாலிடெக்னிக்கில் முதல் செமினாரின்போது, பெல்ட் எப்படி ஓடுகிறது என்று விளக்கப்போய், "ஓடிகினே இருக்கும்" என்று எங்கள் ஊர்ப்பேச்சில் சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு ஒவ்வொரு செமினார் நாளிலும் எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வருடம் அப்படியே ஓட்டிவிட்டேன்.

பட்டறையில் ஓட்ட முடியவில்லை. தினமும் காலை ஷிப்ட் தொடங்கும்போது, மெஷின்களைப் போடுவதற்கு முன், எல்லோரும் ஹெல்மெட்டோடு கூடி நிற்பார்கள். ஒருவர் ஐந்து நிமிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேசவேண்டும். அதற்கு முறை உண்டு. பலகையில் பெயர் எழுதிவிடுவார்கள். அப்ரண்டிஸ் என்றும் பெண் என்றும் விலக்குக் கிடையாது.

என் முறை முதன்முதலாக வந்தபோது, ஒரு பாதுகாப்புக் கையேட்டிலிருந்து இரண்டு பக்கம் எழுதி எடுத்துப் போனேன். அச்சில் இருக்கும் தமிழைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று ஒரு கணக்கு. காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படித்தேன். பாதியில் பின்னாலிருந்து ஒரு வெல்டர் அண்ணன் குரல் கொடுத்தார்.

"பாப்பா, ஆரம்பிச்சிட்டியாம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவசரத்தில் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவே மறந்துபோய், "நன்றி" என்று சொல்லி முடித்துவிட்டேன். சிரிப்பைவிட அதுதான் எனக்குச் சுட்டது. ஒரு பக்கம் முழுதாக விடுபட்டுப் போனது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

மதியம் சாப்பிடும்போது அந்தக் குவார்ட்டர்ஸ் தோழியிடம் சொன்னேன். பள்ளியில் படிக்கும்போதே மேடை ஏறியவள் அவள். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்கும் ஒண்ணும் கேக்கலடி," என்றாள். "நீ காகிதத்துக்கிட்ட பேசிட்டிருந்த. அதுக்கு மட்டும்தான் கேட்டுது."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டபோது பஸ் பிடித்துப் போனேன். அவர்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்குக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டு மைதானம். காலை வெயில் ஏறுவதற்கு முன் அங்கே நடைப்பயிற்சி போகிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். என்னை ஒரு கோல்போஸ்ட் பக்கம் நிற்கவைத்துவிட்டு, அவள் தன் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு தூரமாக நடந்தாள்.

"கேட்டா ஹெல்மெட்டத் தூக்கிப் பிடிப்பேன். கேக்கலன்னா இறக்கிடுவேன். எதையாவது பேசு."

எதைப் பேசுவது? அன்று காலை வீட்டில் என்ன சமைத்தோம் என்று தொடங்கினேன். ஹெல்மெட் இறங்கியே இருந்தது. கத்திப் பார்த்தேன். தூக்கினாள். ஆனால் நாலு வாக்கியத்திலேயே என் தொண்டை கட்டிவிட்டது. நடந்துகொண்டிருந்த ஒருவர் நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்து நின்று பார்த்தார். இப்படி ஆறேழு ஞாயிறு. ஒன்றொன்றாகப் பிடிபட்டது. மூச்சை நிறைய எடுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னால் கத்தவே வேண்டாம். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை நான் எப்போதும் விழுங்கிவிடுகிறேன், அங்கேதான் ஹெல்மெட் இறங்குகிறது. ஒரு வாக்கியம் முடிந்ததும் நின்றால் தப்பில்லை, யாரும் ஓடிப்போய்விட மாட்டார்கள். பிறகு இடத்தை மாற்றிக்கொள்வோம். அவள் பேசுவாள், நான் ஹெல்மெட் பிடிப்பேன். அவள் வேகமாகப் பேசுகிறவள். பாதி வார்த்தை எனக்குப் புரியாமல் போவதை அப்போதுதான் கவனித்தேன். சொன்னதும் முகத்தைச் சுளித்தாள். அடுத்த வாரம் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.

இரண்டாவது முறை வந்தது. இந்தத் தடவை காகிதம் இல்லை. மனப்பாடம். கண், காது, கை, கால் என்று எல்லா உறுப்புக்கும் என்னென்ன கவசம் என்று தடையில்லாமல் சொன்னேன். பின்வரிசை வரைக்கும் கேட்டது. கைதட்டினார்கள். வெல்டர் அண்ணனும் தட்டினார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

டீ நேரத்தில் ஒரு ஆசை. அவரிடமே போய், "அண்ணே, காலைல நான் என்னங்க சொன்னேன்?" என்று கேட்டேன்.

அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "நல்லா பேசுனம்மா. கணீர்னு இருந்திச்சி. பாதுகாப்பப் பத்திதான?"

இன்னும் இரண்டு பேரிடம் கேட்டேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். முதல் முறை என் குரல் போய்ச் சேரவில்லை. இந்த முறை குரல் மட்டும்தான் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. குரல் வந்துவிட்டது, இனி அதில் வைத்து அனுப்ப ஏதாவது வேண்டும் என்று தோன்றியது.

மார்கழி வந்தது. நெய்வேலியில் காலைப்பனி கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும். ஆட்கள் தலைக்கும் கழுத்துக்கும் துண்டைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். ரோலரைச் சுழற்றிக் கடையும் லேத் மெஷின் பக்கம் போகும்போது கழற்றவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சிலருக்கு மறக்கும். ஒருநாள் லேத்தில் நிற்கும் ஒரு அண்ணன் குனிந்து வேலைபார்க்கையில், துண்டின் நுனி சுழலும் ரோலரின் பக்கமாக ஆடுவதைப் பார்த்தேன். நான் கூப்பிடுவதற்குள் அவர் நிமிர்ந்துவிட்டார். என் கை தானாக என் கழுத்துக்குப் போனது.

அதற்குக் காரணம் இருந்தது. ஐப்பசியில் ஒருநாள் என் அண்ணனின் பைக்கில் வரும்போது என் துப்பட்டா பின்சக்கரத்தில் மாட்டியது. ஒரே இழுப்பு. பைக் மெதுவாகப் போனதாலும், துணி பழசாக இருந்து கிழிந்துவிட்டதாலும் தப்பித்தேன். கழுத்தில் கயிறு போட்டதுபோல ஒரு தடம். பத்து நாள் காலரை உயர்த்திப் போட்டுக்கொண்டுதான் பட்டறைக்கு வந்தேன். தோழிக்குக்கூடச் சொல்லவில்லை. மெக்கானிக்கல் படித்த பெண் சக்கரத்தில் துணியை விட்டாள் என்றால் அசிங்கம் என்று நினைத்தேன்.

அந்த வாரம் என் முறை. எதையும் எழுதிக்கொள்ளவில்லை. முன்னால் போய் நின்றேன். லேத் அண்ணனின் முகத்தை மட்டும் பார்த்தேன்.

"ஐப்பசி மாசம், எங்க வூட்லேர்ந்து பைக்ல வந்துகினு இருந்தேங்க," என்று ஆரம்பித்தேன்.

சொன்ன பிறகுதான் அந்த 'வந்துகினு' என் காதிலேயே விழுந்தது. யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. திருத்திச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்து, விட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். இழுத்தபோது குரல் எழும்பாமல் போனதை, என் அண்ணனின் முதுகில் தட்டக்கூட நேரம் இல்லாததை, அவன் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுததை.

"மோட்டாருக்கு நம்மளத் தெரியாதுங்க. துணின்னும் தெரியாது, கழுத்துன்னும் தெரியாது. கெடச்சத சுத்திகினு போயிடும். அவ்ளோதாங்க."

மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. யாரும் கைதட்டவில்லை. அப்புறம் லேத் அண்ணன் கழுத்திலிருந்த துண்டை எடுத்தார். மடித்தார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர் எடுத்தார். பின்வரிசையில் இரண்டு பேர். தோழி என்னை உற்றுப் பார்த்தாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று பிறகு கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

டீ நேரத்தில் நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வெல்டர் அண்ணனே வந்தார். "எம் பொண்ணு ஸ்கூட்டி ஓட்டுதும்மா. வூட்டுக்குப் போனதும் மொதல்ல இதத்தான் சொல்லப்போறன்," என்றார்.

பாதுகாப்பு வார விழாவில், சுற்றுவட்டாரப் பட்டறைகளின் அப்ரண்டிஸ்களுக்கு நகரியத்தில் ஒரு மண்டபத்தில் பேச்சுப்போட்டி வைத்தார்கள். எங்கள் பட்டறையிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் போனோம். அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. சாயம் போகாத ஒரே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து, நாற்காலி வரிசையின் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு முன் பேசியவர் நல்ல உயரம். மைக் என் நெற்றிக்கு நேராக இருந்தது. அதை இறக்கப் பார்த்தேன், திருகு அசையவில்லை. பழைய நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே காய்ச்சல் வந்திருக்கும். மைக்கை விட்டு ஓரடி தள்ளி வந்து நின்றேன்.

"இப்பிடியே பேசறேங்க. கடைசியில இருக்கிறவங்களுக்குக் கேக்குதுங்களா?"

"கேக்குது," என்று பின்னாலிருந்து பல குரல்கள் வந்தன. மண்டபம் நிறைந்திருந்தது. துப்பட்டா மாட்டிய கதையை என் ஊர்ப்பேச்சிலேயே, நின்று நிதானமாக, அந்த மண்டபத்தின் சுவர்வரைக்கும் பேசினேன். என் குரல் போய்ச் சேர்கிற தூரம் எனக்குத் தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்திருப்பது ஒரு பெரிய சுகம்.

தோழிக்கு முதல் பரிசு, எனக்கு இரண்டாவது. அவள் என்னைவிட நன்றாகத்தான் பேசினாள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மேடையில் இருவரும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம்.

பஸ் ஸ்டாப்பில் அம்மா புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "பைக் சமாச்சாரத்த ஊருக்கே சொல்லிட்ட. ஒங்கண்ணன் மூஞ்ச எங்க கொண்டுபோயி வெச்சிக்குவான்?" என்றாள்.

"அவன்கிட்ட கேட்டுக்கினுதாம்மா சொன்னேன்."

அம்மா பேச்சை மாற்றினாள். "எனக்குப் பக்கத்துல ஒரு அம்மா ஒக்காந்திருந்திச்சி. பெரிய ஆபீசர் வூட்டு அம்மா போல இருக்குது. இந்தப் பொண்ணு யாருன்னு கேட்டுது. எம் பொண்ணுதாங்கன்னேன். ஒடனே நாற்காலியத் திருப்பிப் போட்டு எங்கிட்ட பேசிகினே இருந்திச்சி."

பஸ் வந்தது. கூட்டம். அம்மாவுக்கு ஒரு சீட் கிடைத்தது. என் பரிசுக் கோப்பையை வாங்கி மடியில் வைத்துத் தலைப்பால் மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர் அது என்ன என்று கேட்பதற்கு முன்பே அவருக்குப் புடவைத் தலைப்பை விலக்கிக் காட்டினாள்.