கதிரைக்குப் பெயர் கதிரை

போன வாரம் பேத்தி வேலையிலிருந்து வந்து, கழுத்தில் தொங்கிய பெயர் அட்டையைக் கழற்றி மேசையில் போட்டாள். புதுப் பிளாஸ்டிக் வாசம் குப்பென்று அடித்தது. கூட்டம் நடத்துவதற்கென்றே மூன்று வருடம் படித்தவள் அவள். மேடைக்கு ஒருத்தர், விளக்குக்கு ஒருத்தர், சாப்பாட்டுக்கு ஒருத்தர், வெளிநாட்டு விருந்தாளிகளைக் கூட்டிவர ஒருத்தர் என்று அதில் எத்தனையோ உத்தியோகம் இருக்கிறதாம்.

"நாங்க இத கதிரை தூக்குறதுன்னு சொல்லுவோம்டி," என்றேன்.

"சும்மா இருங்க அம்மாயி!"

நான் சும்மாதான் இருந்தேன். அந்த வாசம்தான் விடவில்லை.

ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி, அம்பிட்டிய பக்கம் ஒரு ஹோட்டலில் கூட்ட மண்டபத்தில் நாற்காலி தூக்கிப் போடும் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கொழுந்துக் கூடை சுமந்த முதுகுக்குக் கதிரை ஒரு பாரமா? என்னோடு ஒரே அறையில் தங்கியவர் ரஹீமா தாத்தா. முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். அதை விளக்காமல், 'தாத்தாவோடு ஒரே அறையில் சுகமாக இருக்கிறேன்' என்று வேறொருத்தியைக் கொண்டு வீட்டுக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்த பஸ்ஸிலேயே அம்மா வந்து இறங்கிவிட்டார்.

"எங்கடி அந்தக் கெழவன்?"

ரஹீமா தாத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். "நான்தான் மாமி அந்தக் கெழவன்."

யார் எங்கே உட்காருவது என்று பெயர் அட்டை வைப்பது அவர் வேலை. மூன்று மொழியும் வாசிப்பார். அடுத்த மாதம் மண்டபப் பொறுப்பே அவருக்குத்தான் என்று மனேஜர் சொல்லியிருந்தார். கதிரை தூக்கிய பெண் யாருக்கும் அதுவரை கிடைக்காத பொறுப்பு. அன்றிலிருந்து சேலைக்குக் கஞ்சி போட்டுக் கட்டினார்.

என் இங்கிலீஷ் படிப்பு கதிரை அடுக்கும் அறைக் கதவோடு சரி. அதில் கதிரைக்கு இங்கிலீஷில் 'செயார்' என்று ஒரு அட்டை மாட்டியிருக்கும். அந்த எழுத்து மட்டும் தெரியும். ஒருநாள் டொக்டர்மார் கூட்டம். தலைமேசையில் நடு இடத்துக்கு முன்னால் ஓர் அட்டை. பார்த்தால், செயார்! கதிரைக்குக் கதிரை என்று பெயர் எழுதி வைப்பார்களா? கதவு அட்டைதான் கழன்று இங்கே வந்துவிட்டது என்று எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். சிரிக்காதீர்கள். கூட்டத் தலைவரையும் இங்கிலீஷ்காரன் கதிரை என்பான் என்று எனக்கு யார் சொன்னது?

தலைவர் வந்தபோது அவர் இடத்தில் வேறொரு பெரியவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலைவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போயேவிட்டார்.

"தலைமேசை யார் போட்டது?" மனேஜர் ஓடி வந்தார்.

என் பையிலிருந்து அட்டையின் முனை எட்டிப் பார்த்தது. தாத்தா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான்தான் சேர். கவனமில்லாம உட்டுட்டன்."

பொறுப்பு வேறு ஆளுக்குப் போனது. கதிரை அறைக்குள் நின்று அழுதேன். தாத்தா பின்னாலேயே வந்தார்.

"நீ புதுசு புள்ள. ஒன்னய ஊட்டுக்கே அனுப்பிருவாங்க. அழாத, மூக்கு கதிரை மேல ஒழுகுது."

நாளைக்கு மனேஜரிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். பிறகு, வேலை நிரந்தரமானதும் சொல்லலாம் என்றிருந்தேன். ஊர்க்கதையெல்லாம் பேசும் இந்த வாய்க்கு அந்த ஒரு வரி மட்டும் வரவேயில்லை. சில வருடம் கழித்து அதே மண்டபப் பொறுப்பு எனக்கு வந்தது. "வாங்க, கதிரை மகாராணி!" என்று முதலில் கேலி செய்தவர் ரஹீமா தாத்தாதான். அப்போதும் அவர் கையில் இரண்டு கதிரை இருந்தது.

அந்த ஹோட்டலை இடித்துவிட்டார்கள். பெயரெல்லாம் இப்போது திரையில் வருகிறதாம். யாரும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள முடியாது. அன்று நான் எடுத்த அட்டை இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. வேலையை விட்ட பிறகு ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு, இப்போதாவது மன்னிப்புக் கேட்கலாம் என்று தாத்தாவின் வீட்டுக்குப் போனேன். மகள்தான் கதவைத் திறந்தாள்.

"உம்மா மௌத்தாகி, அடக்கம் பண்ணி நாலு மாசம். இரிங்க மாமி," என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

நின்றுகொண்டே தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.