நெய் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டது

இடது கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு. துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். நாக்கால் தடவினால் சொரசொரவென்றிருந்தது. வலி இல்லை. அதனால் நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

பரமத்தி வேலூர்ப் பக்கம் எனக்கு வெற்றிலைக் கொடிக்கால். விடிந்து அதற்குள் நுழையும்போதே வாயில் வெற்றிலையும் சுண்ணாம்பும் புகையிலையும் இருக்கும். புகையிலையை இடது கன்னத்தில்தான் ஒதுக்குவேன். திட்டு வந்ததும் அதே இடத்தில். இதைப் படிப்பவர் யாருக்காவது வாயில் அப்படி ஒன்று இருந்தால், தயவுசெய்து என்னைப்போல் காத்திருக்க வேண்டாம்.

ஒரு நாள் குழம்புக் காரம் பட்டு நான் துடித்தபோது என் மனைவி பழனியம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இத்தன நாளா இத வாய்க்குள்ள வெச்சுக்கிட்டா எங்கூடப் பேசிட்டிருந்தீங்க?"

மறுநாளே சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் பயாப்ஸி (சிறு துண்டு சதையை எடுத்துப் பார்க்கும் சோதனை) செய்தார். முடிவைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் பழனியம்மாவைப் பார்த்துச் சொன்னார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. புற்றுநோய்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கதிர்வீச்சு (கண்ணுக்குத் தெரியாத கதிரைக் கட்டியின்மேல் பாய்ச்சி அழிக்கும் வைத்தியம், எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்பார்கள்) கொடுக்கக் கோயம்புத்தூருக்குப் போகச் சொன்னார்கள். ஆறு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தோம். பழனியம்மா ஸ்டவ் வைத்துச் சமைத்தாள். சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்கு வந்து, ஞாயிறு சாயங்காலம் திரும்புவோம்.

எங்களைப் பார்த்தது ஓர் இளவயது டாக்டரம்மா. முதல் வாரமே அவரிடம் கேட்டேன்.

"புகையில புண்ணு பண்ணுச்சு, சரிங்க. அது ஏனுங்கம்மா நிக்காம வளருது?"

அவர் மருந்துச் சீட்டின் பின்புறம் ஒரு வட்டம் போட்டார்.

"இது ஒரு செல்லுங்க (உடம்பு முழுவதையும் கட்டியிருக்கும் மிகச் சிறிய அறை). இதோட தோலு கொழுப்பால ஆனது. வெளிய இருந்து தகவல் வந்தா, ஒரு என்சைம் (உடம்புக்குள் ஒவ்வொரு வேலையையும் முடுக்கிவிடும் பொருள்) அந்தக் கொழுப்புல ஒரு துண்ட வெட்டி உள்ள விடும். வளருன்னு சொல்ற சேதி அது. வேலை முடிஞ்சா இன்னொரு என்சைம் அந்தத் துண்ட மாத்திரும், சேதி நின்னுடும். புத்துநோயில பல சமயம் இது ஒழுங்கா நடக்கறதில்ல. சேதி போயிட்டே இருக்கும். இப்பத்தான் ஆராய்ச்சி பண்றாங்க. எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்ல மாட்டேன்."

பொறுமையாகத்தான் சொன்னார். என் தலையில் தங்கியது ஒரே வார்த்தை: கொழுப்பு.

அந்தச் சனிக்கிழமை எங்கள் ஊர் மாரியம்மன் முன் நின்று வேண்டிக்கொண்டேன். "ஆத்தா, இந்த நோவு குணமாகற வரைக்கும் நெய், எண்ணெய், பாலு, தயிரு, முட்டை எதையும் தொட மாட்டேன்." ராசிபுரத்து நெய் இல்லாமல் ஒரு வேளை சோறு உண்டதில்லை நான். நோய்க்குத் தீனியையும் நிறுத்தினோம், அம்மனுக்கும் ஒன்றை விட்டுக்கொடுத்தோம் என்று மனம் நிறைந்திருந்தது.

ஒருவரின் வேண்டுதல் என்னவென்று எங்கள் பக்கத்தில் துருவிக் கேட்கமாட்டார்கள். "வேண்டுதல்" என்றேன். பழனியம்மா பேசாமல் சட்டியில் எண்ணெய் விடுவதை நிறுத்திவிட்டாள்.

மூன்றாவது வாரம் வாயின் உட்புறம் வெந்ததுபோலாயிற்று. ரசத்தில் கரைத்த சோறு இரண்டு வாய் இறங்கினால் பெரிது. நான்காவது வாரம் எடை பார்த்தார்கள். ஏழு கிலோ குறைந்திருந்தது.

"இன்னும் குறைஞ்சா மெஷின நிறுத்தி வெக்க வேண்டி வரும்," என்றார் டாக்டரம்மா. "நடுவுல விட்டா கட்டி மறுபடி தலை தூக்கிரும். என்னங்கய்யா சாப்பிடறீங்க?"

பழனியம்மா சொன்னாள். அவர் நம்பவில்லை.

"சொட்டு நெய்கூட இல்லையா? யாரு சொன்னா இப்படி?"

"நீங்கதானுங்கம்மா," என்றேன். "கொழுப்புத்தான் அத வளரச் சொல்லுதுன்னீங்க."

பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை.

"தப்பு எம்மேலதான். நான் சொன்னது செல்லோட தோல்ல இருக்கற கொழுப்புங்கய்யா, உங்க தட்டுல இருக்கற நெய் இல்ல. நீங்க சாப்பிடாட்டியும் உடம்பு அதத் தானே செஞ்சுக்கும். இப்பப் பட்டினி கெடக்கறது நீங்க மட்டும்தான். கட்டி இல்ல."

வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"சாமிகிட்டச் சொல்லிப்போட்டேனே, பழனியம்மா."

"எலும்பும் தோலுமா வந்து நில்லுன்னு ஆத்தா கேட்டாளாக்கும்?"

"சொன்ன சொல்ல எப்படி மீறறது?"

சனிக்கிழமை என்னை நேராகக் கோயிலுக்கு அழைத்துப்போனாள்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான காரியத்துக்குப் பூக்கேட்போம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன் போட்டு, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் உத்தரவு. எங்கள் கொடிக்கால் வெற்றிலையிலேயே பொட்டலம் கட்டினோம். வேண்டுதலை விட்டுவிடலாமா என்று கேட்டேன். பூசாரி கண்ணை மூடி எடுத்தார். சிவப்பு.

பழனியம்மா முன்னால் வந்தாள்.

"இன்னொருக்காப் போடுங்க."

"அதையே திருப்பிக் கேக்கப்படாது, அம்மணி," என்றார் பூசாரி.

"அதையேவா கேக்கறேன்? இது எம்பட கேள்வி." கை கூப்பினாள். "தாயே, அவரு விட்டத நான் விடறேன். அவருக்குக் குணமாகற வரைக்கும். எம்பேருக்கு மாத்திக் குடு."

வெள்ளை வந்தது.

அன்று மத்தியானம் குழைந்த சோற்றில் நெய்யும் முட்டையும் பிசைந்து கொடுத்தாள். வெந்த தொண்டையில் அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. எதிரே உட்கார்ந்து அவள் வெறும் ரசஞ்சோறு தின்றாள். எடை அதற்குமேல் இறங்கவில்லை. ஆறு வாரமும் முடிந்தது.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சாமியை வேண்டுங்கள், வேண்டியதை டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

அது முடிந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது என் இடது கன்னத்தில் தாடி முளைப்பதில்லை. அந்தப் பக்கம் எச்சில் ஊறாது, ருசியும் இல்லை. வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கும். முன்பு கொடிக்காலில் இலை கிள்ளும் முறையை வைத்து நாளை எண்ணுவேன். இப்போது ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனை வரைதான் எனக்குக் காலம். ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா, "இப்பத்திக்கு ஒண்ணும் தெரியலீங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்பார். குணம் என்ற வார்த்தையை அவர் சொன்னதே இல்லை.

போன தடவை கேட்டுவிட்டேன். "குணமாயிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. எனக்காக இல்லீங்க." பழனியம்மா தன் பேருக்கு மாற்றிக்கொண்ட வேண்டுதலையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பழனியம்மாவைப் பார்த்தார்.

"பொய் சொல்லமாட்டேனுங்கய்யா. இன்னொரு வருசம் போகட்டும்."

பஸ்ஸில் பழனியம்மா சொன்னாள்: "எனக்கென்னுங்க அவசரம்?"

தினமும் என் சோற்றில் நெய் விட்டு, கரண்டியை என் தட்டு விளிம்பிலேயே வழித்து, கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுத்தான் அவள் தன் தட்டின் முன் உட்காருகிறாள். நான் சோற்றை வலப்பக்கம் ஒதுக்கி, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை மெல்ல மெல்ல மென்றுகொண்டிருக்கிறேன்.