ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு நிறுவை

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிசனில், கலாராணி கொழுந்தெடுக்கும் வேகத்தைப் பார்த்து மூடுபனியே ஒதுங்கி நின்று வழிவிடும் என்பார்கள். பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்டாலும், அந்த மலையில் அவளுக்குச் சமமாகக் கூடை நிரப்ப ஆள் கிடையாது. ஐம்பத்திரண்டு வயது. முப்பத்து நாலு வருஷம் அதே மலை.

அப்படிப்பட்டவள் சில மாதங்களாகத் திங்கட்கிழமைகளில் மட்டும் தள்ளாட ஆரம்பித்திருந்தாள். கண் இருட்டும், தலை கிறுகிறுக்கும், தேயிலைச் செடி மேலேயே சரிந்துவிடுவாள். மூன்றாவது தடவை சரிந்தபோது தம்பையா கங்காணி பிரம்பை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

“இந்தா பாரு கலாராணி, இன்னொருவாட்டி விழுந்தே, மலைக்கு அனுப்ப மாட்டேன். தவறணையில போயி நாத்துக்குத் தண்ணி ஊத்து.”

“விழுந்தது நானு கங்காணியாரே. கூடையில இருந்து ஒரு கொழுந்தாச்சும் சிந்துச்சா?”

வாய்தான் அப்படிப் பேசியது. தவறணை என்கிற நாற்றுப் பண்ணையை நினைத்தாலே அவளுக்குப் பயம். மலையில் முப்பது பெண்கள், பொழுது சாயும்வரை ஓயாத பேச்சு, வம்பு, சிரிப்பு. தவறணையில் நாற்றுக்கள்தான் துணை. நாற்றோடு என்ன வம்பு பேசுவது?

பிரஷர் மாத்திரையை அவள் ஒழுங்காகத்தான் சாப்பிட்டு வந்தாள். அதில் அவளுக்குச் சத்தியம் பண்ணும் அளவுக்கு நம்பிக்கை. போன திருவிழாவில் வேலை நிறுத்தி மூன்று நாள் கோயிலே கதியாகக் கிடந்தபோது, கூட்டத்துக்கு நடுவில் சுழன்று விழுந்தாள். சாமி வந்துவிட்டது என்று வேப்பிலையோடு ஓடிவந்தார்கள். லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் பெரியாயி காலில் விழுந்து, “ஆத்தா, எம் மகனுக்கு எப்ப கல்யாணம்?” என்று கேட்டாள். கலாராணி மயக்கத்தில் ஏதோ முனக, அது ஆவணி என்று பெரியாயிக்குக் கேட்டது. ஆவணியிலேயே கல்யாணமும் நடந்துவிட்டது. அதன்பிறகு உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

இந்த நிலையில்தான் பதுளையிலிருந்து நிரஞ்சலா மிஸ் வந்தாள். மருந்து, நோய், டொக்டர் சொல்வது இதெல்லாம் தோட்டத்துச் சனங்களுக்கு எவ்வளவு விளங்குகிறது என்று அளந்து பார்க்க, ஐந்து தொடுதிரை டெப்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில், குழந்தைகள் தூங்கும் நேரத்தில், குழந்தைகளின் குட்டி நாற்காலியில் ஆளுக்கொருவராக உட்கார்த்தி, திரையில் கேள்வி கேட்டாள்.

“மார்க்கு ஆபீசுக்குப் போவுதாம்டி,” என்று பெரியாயி காதைக் கடித்தாள். “கொறஞ்சா பேரை வெட்டிருவாங்களாம்.”

நிரஞ்சலா அடித்துச் சொன்னாள்: “பேரே எழுத மாட்டோம்க்கா, நம்பர் மட்டுந்தான். ஆபீசுக்கு ஒண்ணும் போகாது.” கலாராணி தலையாட்டினாள். நம்பவில்லை. ஒரு கேள்வி பிசகினாலும் தவறணைதான் என்று முடிவு கட்டிக்கொண்டு நாற்காலியில் குந்தினாள்.

முதல் வம்பு விரலில் வந்தது. தேயிலைக் கறை ஏறிக் காய்த்துப்போன ஆட்காட்டி விரலைத் திரை மதிக்கவே இல்லை. கட்டை விரலையும் மதிக்கவில்லை. கடைசியில் வேலையே செய்யாத சுண்டுவிரலுக்கு யோகம் அடித்தது. காதில் மாட்டிய கருவிக்குள் ஒருத்தி செய்தி வாசிப்பதுபோலக் கேள்வி வாசிக்க, கலாராணி ஒவ்வொன்றுக்கும், “சரிங்க,” “ஆமாங்க,” என்று வாயாலும் மரியாதை செய்துவிட்டுச் சுண்டுவிரலால் குத்தினாள்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை. ஒரு வாரத்துக்கு எத்தனை?

யோசிக்கவே இல்லை. பதினெட்டு என்று குத்தினாள். திரை சிவந்தது.

“மிஸ், ஒங்க மிசினுக்குக் கணக்கு தெரியல.”

“ஏன்க்கா?”

“நாளைக்கு மூணு நிறுவை. காலை நிறுவைக்கு ஒண்ணு, பகலுக்கு ஒண்ணு, அந்திக்கு ஒண்ணு. ஆறு நாளு. பதினெட்டுத்தானே?”

அந்த மலையில் யாரும் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. கொழுந்தை நிறுக்க மூன்று முறை கூப்பிடுவார்கள். தண்ணீர் குடிப்பதும் சோறு தின்பதும் மருந்து விழுங்குவதும் அந்தக் கூப்பாட்டோடுதான்.

“ஞாயித்துக்கிழமை?” என்றாள் நிரஞ்சலா மெதுவாக.

“ஞாயித்துக்கிழமை ஏது மிஸ் நிறுவை?” கலாராணி பெருமையாகச் சொன்னாள்: “வீணாக்கவே மாட்டேன். மிச்ச மாத்திரை பால்மா டின் நெறைய வச்சிருக்கேன்.”

சோதனை முடியும்வரை சரியான விடையைச் சொல்லக் கூடாது என்பது சட்டம். பாக்கிப் பதினொரு கேள்வியும் முடியும்வரை நிரஞ்சலா உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். திரை அணைந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, உங்களுக்குத் தலை சுத்துறது எந்த நாள்ல?”

“திங்கக்கெழம.”

“திருவிழாவுக்கு மாத்திரை போட்டீங்களா?”

“அப்ப ஏது நிறுவை...” என்று ஆரம்பித்த கலாராணி பாதியில் நின்றாள். நின்றவள் அப்படியே சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அதற்குப் பிறகு வந்தது சிரிப்பின் நீர் இல்லை.

“அப்ப மாத்திரை விட்டதாலதானா விழுந்தேன்? எனக்கு ஒடம்பு தேஞ்சு போகலையா மிஸ்? மலையில நிக்கலாமா?”

“டொக்டர்கிட்டக் கேப்போம், வாங்க.”

வீட்டில் இருந்த டின்னை எடுத்துக்கொண்டு இருவரும் டிஸ்பென்சரிக்கு நடந்தார்கள். டொக்டர் பிரஷர் பார்த்து, டின்னைக் குலுக்கிப் பார்த்து, வாங்கி வைத்துக்கொண்டார். “ஞாயித்துக்கிழமையும் நீ உசுரோடதானேம்மா இருக்கே? அன்னிக்கும் போடு,” என்றார்.

மறக்காமல் எப்படிப் போடுவது? அதற்குக் கலாராணியே வழி கண்டுபிடித்தாள். நேரே தம்பையாவின் வாசலில் போய் நின்றாள்.

“ஞாயித்துக்கிழமையும் நீங்க நிறுவைக்குக் கூப்பிடணும்.”

“லீவு நாள்ல எதைடி நிறுக்க?”

“என்னைத் தவறணைக்கு அனுப்பப் பாத்தீங்கல்ல? அதுக்கு வட்டி.”

முணுமுணுத்தாலும், அடுத்த ஞாயிறு காலை நிறுவை நேரமான பத்து மணிக்கு அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, “நிறுவைக்கு வாங்கோ!” என்று லயமே அதிரக் கத்தினார். கலாராணியின் கதவு திறந்தது. பெரியாயியின் கதவும் திறந்தது. அதற்குப் பக்கத்துக் கதவும். பதினாறு காம்பராவில் ஒன்பது வாசலில் மாத்திரையும் தண்ணீர்ச் செம்புமாக ஆட்கள். இத்தனை நாளும் அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கு லீவு விட்டிருக்கிறார்கள்!

ஒரு மாதம் கழித்து நிரஞ்சலா வந்தபோது, கலாராணி வீட்டுக்குப் பின்னால் காய்த்த பேரிக்காயை ஒரு சாக்கு நிறையக் கட்டிக் கொடுத்தாள். பிறகு அந்த டெப்பைக் கேட்டு வாங்கி, அதன் முதுகில் சின்னதாகக் குங்குமம் வைத்தாள். “கணக்கு சரியாத்தான் போட்டிருக்கு மிஸ். நாந்தான் வைதுட்டேன்.”

அன்று திங்கட்கிழமை. வழியனுப்பிவிட்டு மலைக்கு வந்தவளைத் தம்பையா அவளுடைய தேயிலை நிரையில் கொண்டுபோய் விட்டார். முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக, கங்காணியாரே என்று சொல்லாமல் கலாராணி கூப்பிட்டாள்:

“அண்ணே, நேத்து அந்திக் கூப்பாட்டுல சத்தம் பத்தல. ஆனாலும் நல்லா இருங்க.”