மதகின் மேல் உட்கார்ந்த கதாநாயகி

பாகூர் ஆதிமூலத்துக்கு இரண்டே ஆசைகள். நாட்டில் நியாயம் நடக்க வேண்டும். நடந்த செய்தி தன் பெயரோடு அச்சில் வர வேண்டும். புதுச்சேரி வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அவர் நிருபர். சம்பளம் கிடையாது, மரியாதையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இழுப்பு நோய் வேறு.

யுத்தம் முடிந்த வருஷம் அவருக்கு ஒரு நல்ல செய்தி மாட்டியது. மேல்மடைப் பண்ணையார் நாகராஜன் முறை தவறி ஏரி மதகைத் திறந்து தன் கரும்புக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கடைமடை நெல் போகந்தோறும் காய்ந்தது. ஆதிமூலம் எழுதினார்; கடைமடைக்காரர்கள் துணிந்து வழக்கும் போட்டார்கள். கண்ணால் பார்த்த சாட்சி இருசப்பனும் அவர் பங்காளிகளும்தான். அவர்கள் வாய் திறந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் வைக்கோல்தான்.

வழக்கு இழுத்துக்கொண்டு கிடந்தபோது சென்னை சினிமாக்காரர்கள் வந்து அந்தச் செய்தியைப் படமாக்கக் கேட்டார்கள். மதகை மட்டும் மாற்றக் கூடாது என்று ஆதிமூலம் கறாராகச் சொல்லிவிட்டார். அவர்களும் மாற்றவில்லை. அதன் மேல் ஒரு பெண்ணை உட்கார வைத்துப் பாட விட்டார்கள்.

விசாரணைக்கு முந்தின வாரம் படம் வில்லியனூர் கூடாரக் கொட்டகைக்கு வந்தது. பார்த்தால் சாட்சிகளுக்குத் தைரியம் வரும் என்று, வண்டி கட்டி அத்தனை பேரையும் அழைத்துப் போனார் ஆதிமூலம்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. நிருபர் பேனாவும் கையுமாக மதகுக்குப் போனார். அங்கே பண்ணையார் மகள் பாடிக்கொண்டிருந்தாள். ஏன் காதலித்தாள் என்று யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரிந்திருக்காது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் கேமராவைப் பார்த்தே காதலித்தார்கள். அதற்கப்புறம் அந்த மனிதர் பேனாவைத் தொடவே இல்லை. கடைசியில் மாமனார் காலில் மாப்பிள்ளை விழுந்தார். கல்யாணச் சீராக மதகு திறந்தது. சுபம்.

இந்த அசட்டுக் காதலை எவன் நம்பப் போகிறான் என்பது ஒன்றுதான் ஆதிமூலத்துக்கு ஆறுதல். கடைமடை முழுவதும் நம்பியது.

திரும்பும் வழியிலேயே சாட்சி சொல்ல முடியாது என்றார் இருசப்பன். "நாளைக்கு மாமனாரும் மருமவனும் ஒண்ணா குந்திக்கினு பாயாசம் குடிப்பீங்க. நடுவுல எங்க தலதான் உருளும்."

நாகராஜனுக்கு மூன்றும் ஆண்பிள்ளைகள், தனக்கும் அமுதம் என்றொரு பெண்டாட்டி வீட்டில் இருக்கிறாள் என்று மன்றாடினார் ஆதிமூலம்.

"மவ இல்லாமயா படத்துல வந்தா? போங்கய்யா," என்றார் இருசப்பன்.

அன்றைக்கு அமுதமும் முகத்தைப் பார்க்காமல்தான் சோறு போட்டாள்.

கோர்ட்டில் ஆதிமூலம் ஒண்டியாக நின்றார். சாட்சி இல்லாமல் வழக்கு தள்ளுபடி ஆனது. வாசலில் நாகராஜன் வில்வண்டியை நிறுத்தி, "ஏறிக்குங்க மாப்ள," என்று சிரித்தார். ஆதிமூலம் காறித் துப்பிவிட்டு, மூச்சு இழுக்க இழுக்க ஊர்வரை நடந்தே வந்தார். அதையும் மாப்பிள்ளை முறுக்கு என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் போகத்தில் கடைமடை நெல் கதிர் விடாமலே சருகானது. இருசப்பன் அதை மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தபோது வரப்பில் ஆதிமூலம் வந்தார். இருசப்பன் நிமிர்ந்து பார்த்தார். அவர் குரலில் துளிக்கூடக் கேலி இல்லை; அதைத்தான் ஆதிமூலத்தால் தாங்க முடியவில்லை.

"கண்ணாலத்த சீக்கிரம் வெச்சுக்குங்கய்யா. தண்ணி வரட்டும்."