அந்தமான் சம்பளம்

போடிப் பக்கம் சிலமலைக் கிணறுகளில் நீந்திப் பழகிய நான், அந்தமானில் சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்கடியில் அழைத்துப்போகும் ஸ்கூபா வேலையில் இருந்தேன். மாதம் பதினைந்தாயிரம். ஒவ்வொரு முறை முங்கும்போதும் தனியாகக் கொஞ்சம் கிடைக்கும். சீசனில் முப்பதாயிரம்கூட வரும். மழை மாதங்களில் சம்பளத்துக்கு மேல் ஒன்றும் வராது. பயிற்சியாளரானால் இரண்டு மடங்கு கிடைக்கும், ஆனால் அந்தப் படிப்புக்கே லட்சக்கணக்கில் கட்ட வேண்டும். அதைச் சேர்க்கத்தான் சளி பிடித்துக் காது அடைத்திருந்தபோதும் முங்கினேன். மேலே வந்தபோது இடது காதிலிருந்து ரத்தம் வழிந்தது. இனிமேல் கடலில் இறங்கக் கூடாது என்றார் டாக்டர். முதலாளி அந்த மாதச் சம்பளத்தோடு அனுப்பிவிட்டார்.

போடிக்குத் திரும்பி, மலையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் அம்மாவோடு நானும் கூலிக்கு ஜீப்பில் ஏறினேன். போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் உயரம் கூடக்கூட, காது அடைத்துக் குத்தியது. தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

"என்னப்பு செய்யுது?"

"ஒண்ணுமில்லாத்தா."

அம்மா முந்தானையால் என் காதைப் பொத்தினாள். மெட்டு வரும்வரை கையை எடுக்கவில்லை.

வீடு திரும்பியதும், "நாளைக்கு வராத, கீழயே எதாச்சும் சோலி பாரு" என்றாள்.

ஒரு வாரம் தேடியும் கீழே சோலி எதுவும் கிடைக்கவில்லை. மறுபடியும் ஜீப்பில் ஏறினேன். அம்மா தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.