வயிற்றுப் பக்கத்து ஓட்டை

என் மனைவி இவாஞ்சலின் ஆம்பூரில் தோல் அளக்கும் மெஷின் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தாள். தமிழ் வாத்தியாரான எனக்கு அவள் வேலை இன்னதென்று புரியவே நான்கு வருடம் ஆயிற்று. புரிந்த பிறகு, யாரும் கேட்காமலே விளக்கும் வியாதி வந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோலை உருளைகளுக்கு நடுவே விட்டால் மெஷின் இத்தனை சதுர அடி என்று அளந்து சீட்டு அடித்துக் கொடுக்கும். அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு, அதை ஓட்டுவது விண்டோஸ் மாதிரியான லினக்ஸ். வீட்டுக் கம்ப்யூட்டர் தன்னிடம் என்னென்ன பாகம் இருக்கிறது என்று பெரும்பாலும் தானே தேடிக்கொள்ளும். இந்தப் போர்டில் அது நடக்காது. இந்த முகவரியில் யுஎஸ்பியை நடத்தும் கன்ட்ரோலர் சிப் ஒன்று இருக்கிறது, அது இன்ன மாதிரி என்று, அதை ஓட்டுகிற டிரைவர் என்ற புரோகிராம் படிப்பதற்காக, ஒரு கோப்பில் எழுதித் தர வேண்டும். அதையும் இஷ்டத்துக்கு எழுத முடியாது. எந்தப் பாகத்தை எந்தச் சொற்களால் விவரிப்பது என்று லினக்ஸ்காரர்கள் உலகத்துக்கே பொதுவாக விதி வைத்திருக்கிறார்கள். அப்படி அவள் எழுதிய விவரம் 2007இல் லினக்ஸிலேயே சேர்ந்தது, அவள் பெயரோடு. எங்கள் சத்துவாச்சாரி சர்ச்சில் இதை நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

இந்தக் கம்பெனிக்கு வருமுன் மூன்று வருடம் அவள் தோல் பதனிடும் ஒரு டேனரியில் செலக்‌ஷன் பார்த்தவள். மேசைமேல் தோலை விரித்து, ஓட்டை எங்கே, கீறல் எங்கே என்று சாக்பீஸால் வட்டம் போட்டுத் தரம் பிரிக்கும் வேலை. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வயிற்றுப் பக்கத்துக் குறைகளுக்கு மட்டும் வட்டம் போட மாட்டார்கள். ஷூ கம்பெனிக்காரர்கள் அந்தப் பக்கத்தை எப்படியும் வெட்டி ஒதுக்கிவிடுவார்கள், எதற்கு வீண் வேலை? ஒருமுறை அந்தத் தோல் கைப்பை செய்கிறவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் வயிற்றையும் விடாமல் வெட்டித் தைக்கிற ஆள். மொத்த லாட்டும் திரும்பி வந்தது. இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், 2009 வரை.

அந்த வருடம் வாணியம்பாடி டேனரி முதலாளி அப்துல் ஹமீத் பாய் பன்னிரண்டு மெஷின் கேட்டார். யுஎஸ்பியில் செருகுகிற புது பிரிண்டர்தான் வேண்டும் என்றார். அந்த பிரிண்டருக்காகப் பழைய லினக்ஸை எடுத்துவிட்டுப் புதிதைப் போட்டார்கள். போட்டதிலிருந்து யுஎஸ்பி செத்துவிட்டது. பிரிண்டரைச் செருகினாலும் சரி, பென் டிரைவைச் செருகினாலும் சரி, மெஷின் கண்டுகொள்ளவில்லை.

"வெள்ளிக்கெழம ஜும்மா முடிச்சிட்டு வர்றேன்," என்றார் பாய். "சீட்டு வர்லேன்னா வெளிநாட்டு மெஷினே வாங்கிக்கிறேன். இந்த பேஜார் நமக்கு வாணாம்."

ஆர்டர் போனால் சாஃப்ட்வேர் வேலையை வெளியே கொடுத்துவிடுவேன் என்று கம்பெனி முதலாளி எபனேசர் சொல்லிவிட்டார். பெங்களூர் கம்பெனி ஒன்று அவளை ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன். "நீ எங்க போனாலும் எனக்கு சரிதான்," என்றேன், பெரிய மனசுக்காரன் மாதிரி.

வியாழக்கிழமை சாயங்காலம் முகம் வாடி வந்தாள். கேபிளை மாற்றியாயிற்று, போர்டையே மாற்றியாயிற்று. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அந்தக் கோப்புல எல்லாத்தையும் எழுதிட்டியா?"

"இன்னாங்க நீங்க வேற. எல்லாம் எழுதியிருக்கேன். டிரைவருக்கே தெரிஞ்சத மட்டும்தான் விட்டேன், அது பாத்துக்கும்னு..."

அப்படியே நின்றாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வயித்துப் பக்கம்," என்றாள்.

விஷயம் இதுதான். பெரிய எண்ணைத் துண்டு துண்டாக வைக்கும்போது சில சிப் பெரிய துண்டை முதலில் வைக்கும், சில சிப் சின்னத் துண்டை. இவர்கள் கன்ட்ரோலர் பெரியதை முதலில் வைக்கிற ஜாதி. பழைய டிரைவர் இவர்களே திருத்தி வைத்திருந்தது, அதற்கு இது தெரியும். அதனால் கோப்பில் எழுத வேண்டாம் என்று விட்டிருந்தாள். புது லினக்ஸில் இருப்பதோ எல்லாருக்கும் பொதுவான டிரைவர். எழுதியிருப்பதைத்தான் அது நம்பும். எழுதாததால் எண்களைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தது.

வெள்ளி காலையில் எபனேசர் வேறு யோசனை சொன்னாராம். "டிரைவர்லயே பழையபடி ஒரு ஒட்டு போட்டுடும்மா. உன் பேரும் கெடாது."

"அடுத்த தடவ மாத்தும்போது மறுபடி ஊமையாய்டும் சார். சிப்புல இன்னா இருக்கோ அத எழுதணும். எழுதாம விட்டது நான்தான்."

'பிக் எண்டியன் ரெக்ஸ்' என்று கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தாள், பெரிய துண்டுதான் முதலில் என்று அர்த்தம். பாய் வந்ததும் ஒரு தோலை உள்ளே விட்டார்கள். அந்தப் பக்கம் தோல் வர, இந்தப் பக்கம் சீட்டு வந்தது, இருபத்தொன்றரை சதுர அடி. பாய் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, மீதிப் பதினொன்றையும் அனுப்பச் சொன்னார். இவள் பழக்க தோஷத்தில் அந்தத் தோலை விரித்து, வயிற்றுப் பக்கம் இருந்த ஓட்டைக்கு ஒரு வட்டம் போட்டாள்.

"அத எப்படியும் வெட்டிடுவாங்கம்மா," என்றார் பாய்.

"வெட்டட்டும் பாய். ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சிட்டு வெட்டட்டும்."

அன்றைக்கே லினக்ஸ்காரர்களுக்கும் எழுதிவிட்டாள்: என் விவரத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன், தப்பு என்னுடையது, திருத்தம் இதோ. உலகமே படிக்கும் இடத்தில் இப்படி எழுதிவிட்டாளே என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சர்ச்சில் எவ்வளவு பீற்றியிருப்பேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. நன்றி, சேர்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

பெங்களூருக்கு வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டு வந்தாள். நான் பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் ஒரு பாட்டு வேறு முனகியிருக்கிறேன் போலிருக்கிறது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவள் கேட்டாள்.

"உங்களுக்கு பெங்களூர் போறதுல இஷ்டமே இல்ல, இல்ல?"

பள்ளிக்கூடத்தை விட்டு, இந்த வீட்டை விட்டு, எப்படிப் போவேன்?

"இல்ல," என்றேன்.

"அத முன்னாடியே சொல்றதுக்கென்ன? அதுவும் வயித்துப் பக்கம்தானா?"