கைதட்டலுக்கு எடை

தேவாலாவில் எங்கள் பஸ் டயர் மாற்ற நிற்கிறது. மழைக்கு ஒதுங்கி, தேயிலை எடை போடும் தகரக் கொட்டகைக்குள் நுழைகிறேன். உள்ளே கச்சேரி களைகட்டியிருக்கிறது. ஊர்க்காரர்களே பாடுகிறார்கள், மிமிக்ரி செய்கிறார்கள். யாரும் கைதட்டுவதில்லை. பிடித்துப்போனால் பச்சைத் தேயிலையை அள்ளி வீசுகிறார்கள்.

"இலையை இப்படி வீணாக்கலாமாங்க?" நிகழ்ச்சியை நடத்தும் செல்வியிடம் கேட்கிறேன். அவரும் சொந்தமாகச் சிறு தோட்டம் வைத்து இலை பறிப்பவர்தான்.

"வெல விழுந்துபோச்சுன்னு ஃபேக்டரியில இந்த வாரம் இலையே வேண்டாம்னுட்டாங்க. குப்பையில கொட்டறத இங்க கொட்டறோமுங்க. யாருக்கு விழுந்த இலை எடை கூடுதோ அவங்களுக்குத்தான் பரிசு."

கடைசியாக வருகிறவர், வருஷம் முழுக்க இவர்களிடம் இலையை எடை போட்டு வாங்கும் ஏஜென்ட். ஃபேக்டரி மேனேஜர் போனை எடுக்காமல் ஒளிவதை அப்படியே நடித்துக் காட்டுகிறார். கொட்டகை குலுங்குகிறது. நானும் ஒரு பிடி அள்ளி எறிகிறேன். விழுந்த இலையை மூட்டையாகக் கட்டித் தராசில் மாட்டுகிறார்கள். பரிசு அவருக்குத்தான் என்று தெரிந்துவிடுகிறது.

செல்வி முள்ளைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறார். "இலை ஈரமுங்க. பாதி எடை கழிச்சுக்கறேன்."

"பாதியா? அநியாயமுங்க," என்கிறார் ஏஜென்ட்.

தினமும் ஈரமென்று எடையைக் கழித்துவிட்டு அவர் சொல்லும் பதிலை, பெண்கள் அத்தனை பேரும் அவர் குரலிலேயே திருப்பிச் சொல்கிறார்கள்: "கட்டுப்படியாகலைன்னா வேற ஃபேக்டரிக்குக் கொண்டு போங்க."

சிரிப்பில் நிற்க முடியாமல் அவர் மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தொங்க, முள் கிறுகிறுவென்று ஏறுகிறது.